சந்தைக்குப் போகும் சகோதரிக்கு

 

இம்மாதம் உங்களைச் சமையலறையிலிருந்து சற்று வெளியே அழைத்துச் செல்ல விரும்புகிறேன். வெகு தூரமில்லை, எமது புறநகரின் ஞாயிறு சந்தை வரைதான். 'பொல' என்று சொன்னால் உங்களில் பலருக்குச் சட்டென விளங்கும். கொழும்பைச் சுற்றி மஹரகம, தெல்கந்த, பிலியந்தலை, கடுவெல என்று எந்தப் பக்கம் போனாலும் வாரத்தில் ஓரிரு நாட்கள் கூடும் பொல ஒன்று இருக்கிறது. பெயர் எதுவானாலும், ஊர் எதுவானாலும் நாம் அங்கு செய்வது ஒன்றுதான்: பையை எடுத்துக்கொண்டு போகிறோம், பேரம் பேசுகிறோம், சுமந்துகொண்டு வருகிறோம்.

அந்தப் பேரத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அதை எனக்குக் கற்றுத் தந்தது என் மகள்.

2018ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவளுக்கு அப்போது எட்டு வயது. எங்கள் பொலவின் வாசலருகே, கொட்டகைக்கு வெளியே, ஒரு யூரியாப் பையை விரித்துக் கீரை விற்கும் சிங்கள மூதாட்டி ஒருவர் இருக்கிறார். எல்லோரும் அவரை 'ஆச்சி' என்றுதான் அழைப்பார்கள். இரண்டு கட்டு வல்லாரையும் ஒரு கட்டு முக்குணுவென்னவும் எடுத்தேன். நூறு ரூபா என்றார். எண்பதுக்குத் தாருங்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு கட்டுகளைப் பையில் போட்டுத் தந்தார். இருபது ரூபா மிச்சம் பிடித்த மகிழ்ச்சியில் நான் நடந்தேன்.

திரும்பும் வழியில் சுப்பர் மார்க்கட் ஒன்றில் நுழைந்தோம். பிஸ்கட், சவர்க்காரம், பிள்ளைக்கு ஒரு ஐஸ்கிறீம். பில்லில் வந்த தொகையை அப்படியே எடுத்துக் கொடுத்தேன். மகள் என் அபாயாவைப் பிடித்து இழுத்தாள்.

"ஏன் உம்மா, இங்க வெல கொறச்சிக் கேக்கல்ல?"

"இங்க வெல ஒட்டியிருக்கிது மகள்."

"அந்த ஆச்சிட கீரையிலயும் வெல ஒட்டியிருந்தா நீங்க கேக்க மாட்டீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை.

இருபது ரூபாவின் கதை

அன்றிலிருந்து நான் சந்தையைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்கத் தொடங்கினேன். விற்பவர்களோடு பேச்சுக் கொடுத்தேன். நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டிய சில விடயங்கள் தெரிய வந்தன.

நுவரெலியா, வெலிமடைப் பக்கத்திலிருந்து வரும் கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி எல்லாம் நேரே எமது பொலவுக்கு வருவதில்லை. தோட்டக்காரரிடமிருந்து சேகரிப்பவருக்கு, அவரிடமிருந்து மொத்த வியாபாரிக்கு, பிறகு சில்லறை வியாபாரிக்கு என்று கை மாறி மாறித்தான் வருகின்றன. 1999இல் தொடங்கப்பட்ட தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் இப்படியான பெரிய மொத்தச் சந்தை ஒன்று. கொழும்புக்கு நீண்ட காலம் புறக்கோட்டை மெனிங் சந்தை இருந்தது. அது 2020இல் பேலியகொடைக்கு மாற்றப்பட்டது. பொலவில் நீங்கள் காணும் வியாபாரி பலர் விடிவதற்கு முன்னரே அங்கு போய் மூடை மூடையாக வாங்கி வருபவர்கள். மூடையை அவிழ்த்த பிறகுதான் உள்ளே நசிந்தது எவ்வளவு, அழுகியது எவ்வளவு என்று தெரியும். எமது நாட்டில் அறுவடைக்குப் பின் வீணாகும் மரக்கறியும் பழமும் 30 முதல் 40 சதவீதம் வரை என்று கணிக்கப்படுகிறது. மூடைக்குப் பணம் கொடுத்தவர், அதில் விற்கக் கூடியதை வைத்துத்தான் தன் முதலையும் இலாபத்தையும் எடுக்க வேண்டும். அதற்கு மேல், இருக்கும் இடத்துக்கான அன்றைய வாடகை. மழை பெய்து சனம் வராவிட்டாலும் அந்தக் காசு கட்டத்தான் வேண்டும்.

எமது கீரை ஆச்சியின் நிலை வேறு. அவர் மொத்தச் சந்தைக்குப் போவதில்லை. வீட்டருகே உள்ள ஈர நிலத்தில் தானே வளர்த்து, சனிக்கிழமை மாலை வெட்டி, வாழை நாரால் கட்டி, காலை பஸ்ஸில் கொண்டு வருகிறார். வல்லாரை பகல் வரைதான் நிமிர்ந்து நிற்கும். மறுநாளுக்கு வைத்து விற்க முடியாது. பிற்பகலில் மீதமிருந்தால் அது மாட்டுக்குத்தான். இதை அவரும் அறிவார், நாமும் அறிவோம். ஆகவேதான் அவரிடம் நாம் துணிந்து விலை குறைத்துக் கேட்கிறோம். எங்கே எதிரில் இருப்பவருக்கு வேறு வழி இல்லையோ, அங்கேதான் எமது பேரம் வெல்கிறது. யோசித்துப் பாருங்கள் சகோதரிகளே, வெட்கமாக இல்லையா?

அளவையில் மோசடி செய்வோரைக் கண்டித்துத் தொடங்கும் ஓர் அத்தியாயம் அல்குர்ஆனில் இருக்கிறது. 83ஆவது அத்தியாயம், அல்முதஃப்பிபீன். அதை நாம் எப்போதும் வியாபாரிகளுக்கான எச்சரிக்கையாகவே வாசிக்கிறோம். ஆனால் அங்கு சொல்லப்படுபவர் தான் வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, கொடுக்கும்போது குறைப்பவர். நிறை சரியாக இருக்க வேண்டும் என்று தராசைக் கூர்ந்து பார்த்து, அதற்கு மேல் ஒரு பிடி போடச் சொல்லி, பிறகு காசில் பத்து ரூபாவைக் குறைக்கும் வாங்குபவளுக்கும் அதில் பாடமில்லையா?

அப்படியானால் ஏமாறுவதா?

"எங்கள் கையிலும் காசு தாராளமாக இல்லையே!" என்று நீங்கள் கேட்பது விளங்குகிறது. 2022 செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டதை எந்தக் குடும்பத் தலைவி மறப்பாள்? கால் கிலோ வாங்கிய இடத்தில் 100 கிராம் வாங்கிய நாட்கள் அவை. சிக்கனம் எமது கடமைதான். ஆனால் சிக்கனத்துக்குப் பேரத்தைவிட நல்ல வழிகள் இருக்கின்றன. எனக்குப் பயன்பட்டவற்றைச் சொல்கிறேன்.

போனவுடன் வாங்காதீர்கள். வெறுங்கையோடு ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். ஒரே போஞ்சி மூன்று இடத்தில் மூன்று விலையில் இருக்கும். குறைந்த விலைக்காரரிடம் பேசாமல் வாங்குவது, கூடிய விலைக்காரரோடு சண்டை பிடிப்பதைவிட மேல்.

விலைப் பலகையை முழுதாக வாசியுங்கள். பெரிய எழுத்தில் இருப்பது பல இடங்களில் ஒரு கிலோவின் விலையல்ல, 250 கிராமின் விலை. அதைச் சிறிய எழுத்தில் ஓரத்தில் போட்டிருப்பார்கள். பில் கூடிவிட்டதே என்று பிறகு திகைப்பதைவிட, "கீயத, கிலோ எகக்?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

தராசைப் பாருங்கள். தட்டு வெறுமையாக இருக்கும்போது பூச்சியம் காட்ட வேண்டும். வியாபாரத்தில் பயன்படும் தராசுகளும் படிகளும் அரசினால் பரிசோதிக்கப்பட்டு முத்திரை இடப்பட வேண்டும் என்பது சட்டம். முத்திரையைப் பார்ப்பது உங்கள் உரிமை. அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

நேரத்தைத் தெரிந்து போங்கள். கீரையும் மீனும் வாங்குவதென்றால் காலை. கிழங்கு, பூசணி, தேங்காய், வெங்காயம் போன்றவற்றுக்குப் பிற்பகல் போதும். கட்டிக்கொண்டு போகும் நேரத்தில் வியாபாரிகளே விலையைக் குறைத்துக் கூவுவார்கள். அவர்களாகக் குறைப்பதை மனநிறைவோடு வாங்கலாம்.

சில்லறைக் காசு கொண்டு போங்கள். காலையிலேயே ஐயாயிரம் ரூபாத் தாளை நீட்டினால் கீரைக்காரர் எங்கே போவார்? துணிப் பையும் இரண்டு மூன்று கொண்டு போங்கள். மீனுக்கு மூடியுள்ள பாத்திரம் ஒன்று.

பார்த்து எடுக்கும் விதமும் ஒன்று உண்டு. வெண்டிக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கும் பழக்கம் எமக்கு இருக்கிறது. ஒடிந்த காயை நாம் எடுப்பதில்லை, அடுத்தவரும் எடுப்பதில்லை. மாலையில் அந்தக் குவியலில் மிஞ்சுவதெல்லாம் நுனி ஒடிந்தவைதான். விரல் நீளத்துக்குக் குறைந்த, பச்சை நிறம் மாறாத, தொட்டால் மெதுவாக இருக்கும் காயைப் பார்த்து எடுங்கள், ஒடிக்கத் தேவையில்லை. கத்தரிக்காய் என்றால் தோல் பளபளப்பாக, காம்பு பச்சையாக இருக்கட்டும். கீரையில் இலையை மட்டும் பார்க்காமல் வெட்டிய அடித் தண்டைப் பாருங்கள். ஈரமாக இருந்தால் புதிது, கறுத்திருந்தால் பழசு. தேங்காயைக் காதருகே குலுக்கித் தண்ணீர்ச் சத்தம் கேளுங்கள். கண்களில் ஈரமோ பூஞ்சணமோ இருந்தால் வேண்டாம்.

வட்டலப்பத்துக்குக் கித்துல் கருப்பட்டி வாங்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஏமாறாதீர்கள். சீனி அதிகம் கலந்த கட்டி கல் போல் இறுகி, உடைத்தால் உள்ளே மணி மணியாக மின்னும். நல்ல கருப்பட்டியில் இலேசான புகை மணம் இருக்கும். நகத்தால் சுரண்டினால் இளகி வரும். கித்துல் மரத்தில் ஏறிப் பாளை சீவிப் பாணி எடுப்பது உயிரைப் பணயம் வைக்கும் தொழில். அந்தக் கருப்பட்டி சீனி விலைக்குக் கிடைக்கிறதென்றால் அது கருப்பட்டியாக இருக்க முடியாது.

கைவேலைக்காரர்களின் வரிசை

மரக்கறிக் கொட்டகையைத் தாண்டினால் மண் சட்டி, பன் பாய், சுளகு, பிரம்புக் கூடை, சிரட்டை அகப்பை விற்பவர்கள் இருப்பார்கள். பொலவுக்குப் பொல இவர்களின் தொகை குறைந்துகொண்டே வருகிறது. காரணம் நாம்தான். பிளாஸ்டிக் இடியப்பத் தட்டு வந்த பிறகு பிரம்புத் தட்டை யார் தேடுகிறார்கள்? ஆனால் கையால் பின்னிய தட்டில் ஆவி நன்றாக ஏறி இடியப்பம் பஞ்சு போல் வெந்து வருவதை அனுபவித்தவர்கள் மறக்கமாட்டார்கள். பயன்படுத்திய பின் கழுவி நிழலில் நன்றாகக் காய வைத்தால் பல காலம் பாவிக்கலாம்.

மண் சட்டி வாங்கும்போது கையில் தூக்கி விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். 'டிங்' என்று மணிபோல் ஒலித்தால் நல்லது. 'டொக்' என்று மந்தமாகக் கேட்டால் எங்கோ கீறல் இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு இரவு முழுவதும் தண்ணீரில் ஊற விட்டு, மறுநாள் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி மெல்லிய தீயில் கொதிக்க வைத்த பிறகே கறி வையுங்கள்.

பன் பாய் விற்கும் பெண்ணிடம் விலை கேட்டவுடன் "அவ்வளவா?" என்போம். சதுப்பு நிலத்தில் இறங்கிப் பன் வெட்டி, வெயிலில் காய வைத்து, சாயமிட்டு, தரையில் குனிந்திருந்து பின்னி முடிக்க எத்தனை நாள் போயிருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். நாட்களைக் கணக்கிட்டு விலையை வகுத்தால், எமது வீட்டு வேலைக்கு வருபவருக்கு நாம் கொடுக்கும் நாட்கூலிகூட அதில் வராது. எமது நாட்டின் தும்பறைப் பாய் நெசவு 2021இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. உலகம் மதிப்பதை நாம் வாசலில் வைத்துப் பேரம் பேசுகிறோம்!

கைவேலைக்கு உரிய விலையைக் கொடுக்கும் புது வகைச் சந்தைகளும் உருவாகியிருக்கின்றன. 2012இல் பத்தரமுல்லை தியத உயனவில் ஆரம்பமான 'குட் மார்க்கட்' அவற்றில் ஒன்று. யார், எப்படி உற்பத்தி செய்கிறார்கள் என்று விசாரித்த பிறகே அங்கு விற்பவர்களுக்கு இடம் கொடுக்கும் முறையை வைத்தார்கள். விலை பொலவைவிடக் கூட. எல்லோராலும் வாரா வாரம் வாங்க முடியாது. ஆனால் வீட்டில் இருந்தபடியே எதையாவது செய்து விற்க நினைக்கும் சகோதரிகள் ஒரு தடவை இப்படியான சந்தைக்குப் போய்ப் பார்ப்பது நல்லது. மருதமுனையின் கைத்தறித் துணிக்கு நாடெங்கும் பெயர் இருக்கிறது. எமது பெண்களின் கைகளில் ஊசி வேலை இருக்கிறது, மாசிச் சம்பல் இருக்கிறது, ஊறுகாய் இருக்கிறது. அன்னை கதீஜா (ரழி) அவர்கள் வணிகம் செய்தவர்கள் என்பதை நாம் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா? விற்பனை மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு நாள் நின்று பார்த்தவள், பிறகு எந்த ஆச்சியிடமும் இருபது ரூபாவுக்கு மல்லுக்கட்ட மாட்டாள்.

ஒரு வழமையான விலை

இனி, நான் சொல்லத் தயங்கிய பகுதிக்கு வருகிறேன்.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் நடந்த குண்டுத் தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாயின. அந்தக் கொடுமையைச் செய்தவர்கள் எமது பெயர்களைச் சுமந்திருந்தார்கள். அதன் பிறகு வந்த வாரங்களை நாம் எப்படிக் கடந்தோம் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மே 13ஆம் திகதி மினுவாங்கொடையிலும் குருநாகல் மாவட்டத்தின் பல ஊர்களிலும் கடைகள் எரிந்தன. ஜூன் மாதம் தங்கொட்டுவ வாரச் சந்தைக்கு முஸ்லிம் வியாபாரிகள் வரக் கூடாது என்று உள்ளூராட்சி சபையிலிருந்து கடிதமே வந்தது. விடயம் நீதிமன்றம் வரை போனது.

நான் ஏழு வாரம் பொலப் பக்கம் போகவில்லை. வீட்டுக்காரர்தான் எதையாவது வாங்கி வந்தார். எட்டாவது ஞாயிறு, மனதைத் திடப்படுத்திக்கொண்டு மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள், காட்டினேன். உள்ளே போகும்போது பேச்சுக் குறைந்ததுபோல் இருந்தது. என் கற்பனையோ என்னவோ, எல்லாக் கண்களும் என் அபாயாவின் மேல் இருப்பதாகவே தோன்றியது. மகளின் கை என் கைக்குள் வியர்த்தது. திரும்பிவிடலாம் என்று நினைத்த நேரம், யூரியாப் பையின் மேலிருந்து ஒரு குரல்.

"துவே! கோ மெச்சர கால?"

மகளே, இவ்வளவு காலம் எங்கே என்று ஆச்சி கேட்டார். மெதுவாகக் கேட்கவில்லை. அந்தப் பக்கத்து நான்கு கடைக்காரர்களுக்கும் கேட்கும்படி உரத்த குரலில் கேட்டார். சுகமில்லாமல் இருந்தேன் என்று ஏதோ சொன்னேன். இரண்டு கட்டு வல்லாரையும் ஒரு கட்டு முக்குணுவென்னவும் அவராகவே எடுத்துப் பையில் போட்டார். "சீயய்" என்றார். நூறு ரூபா.

அவர் இலவசமாகத் தரவில்லை. விலையைக் குறைக்கவுமில்லை. எப்போதும் சொல்லும் அதே விலையைச் சொன்னார். அந்த வழமையான விலைதான் அன்று எனக்கு வேண்டியிருந்தது. நான் இரக்கத்துக்குரியவளுமல்ல, சந்தேகத்துக்குரியவளுமல்ல. வாரா வாரம் கீரை வாங்க வருபவள். அதை அவர் அந்த ஒரு சொல்லில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

நூறு ரூபாவைக் கொடுத்தேன். மகள் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அந்த இருபது ரூபா நினைவிருந்தது, எனக்கும்தான்.

சகோதரிகளே, சுப்பர் மார்க்கட்டில் வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நானும் வாங்குகிறேன். ஆனால் அங்கு ஏழு வாரம் போகாவிட்டால் உங்களைத் தேடுவதற்கு யாரும் இல்லை. பொலவில் இருக்கிறார்கள். நாம் பல வருடங்களாகப் போய், நின்று, சுகம் விசாரித்து, சொன்ன விலையைக் கொடுத்து வந்திருந்தால் இருப்பார்கள். அயலவர் என்று நாம் சொல்லும் வட்டத்துக்குள் மதிலுக்கு அப்பால் உள்ளவர் மட்டுமல்ல, வாராவாரம் எமது சோற்றுக்குக் கறி தருபவரும் இருக்கிறார்.

அடுத்த ஞாயிறு உங்கள் மகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். பையின் ஒரு காதை அவள் பிடிக்கட்டும். மீதிக் காசை அவள் எண்ணி வாங்கட்டும். கூடக் கொடுத்துவிட்டார்களென்றால் திருப்பிக் கொடுக்கவும் அவளையே அனுப்புங்கள். கொட்டகைக்கு வெளியே, தரையில் பை விரித்திருக்கும் ஒருவரிடம் ஏதாவது ஒன்றைச் சொன்ன விலைக்கு வாங்குங்கள். "சுகமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவ்வளவுதான்.

ஆச்சி இப்போது எல்லா ஞாயிறும் வருவதில்லை; முழங்கால் வலி. அவர் வராத நாட்களில் அந்த யூரியாப் பையின் இடத்தில் அவருடைய பேத்தி இருக்கிறாள். என் மகள் அவளிடம்தான் வாங்குகிறாள். விலை கேட்பாள், குறைத்துக் கேட்பதில்லை.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.